ஜென்டூவில் கம்பைலரோடு மல்லுக்கட்டிய ஐந்து வாரம்

ஐந்து வாரத்து இரவுகள், தேவையே இல்லாமல் வாங்கிய ஒரு ஜோடி ரேம், தவணை தாண்டிப்போன ஒரு வேலை. ஒரு கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்றியதற்கு நான் கட்டிய அபராதம் இவ்வளவும். அப்போது பக்கத்தில் இருந்து "அதைத் தொடாதே" என்று சொல்ல ஆளில்லை. நீங்களும் அதே வரியில் கை வைக்கப் போகிறவராக இருந்தால், நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜென்டூ பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மற்ற லினக்ஸ்களில் நிரல்கள் யாரோ கம்பைல் செய்து, அதாவது மனிதர் எழுதிய மூல நிரலை இயந்திர மொழிக்கு மாற்றி, வைத்த பைனரியாக வந்து இறங்கும். ஜென்டூவில் மூல நிரல் இறங்கும், அதை உங்கள் இயந்திரமே உட்கார்ந்து கம்பைல் செய்யும். அந்த வேலையைச் செய்வது போர்டேஜ். எந்த ஃப்ளாக்குகளோடு (கம்பைலருக்குத் தரும் குறிப்புகள்) கம்பைல் செய்ய வேண்டும் என்பதை மேக்.கான்ஃப் என்ற கோப்பில் எழுதி வைக்கலாம். ஜென்டூவின் கையேடு அந்த இடத்தில் ரொம்ப அடக்கமாக மூன்றே மூன்றைச் சொல்கிறது: மார்ச்=நேட்டிவ், ஓ2, பைப். (மார்ச் என்றதும் மாதம் என்று நினைத்துவிடாதீர்கள், ஆர்க்கிடெக்சரின் சுருக்கம், இந்த இயந்திரத்தின் சிப்புக்கே ஏற்றபடி என்று பொருள். ஓ2 என்பது நிரலை எவ்வளவு வேகப்படுத்த முயல வேண்டும் என்ற அளவு.) நான் அதைப் பார்த்ததும் என்ன நினைத்தேன் தெரியுமா? "இது பயந்தவர்களுக்கு எழுதியது." சொந்தமாகக் கம்பைல் செய்யும் சிஸ்டத்துக்கு வந்துவிட்டு ஓ2வில் நிற்பதா? ஓ2வை அடித்துவிட்டு ஓஃபாஸ்ட் என்று எழுதினேன். பக்கத்திலேயே லூப்களை விரித்துப் போடும் ஃப்ளாக், அதற்கும் பக்கத்தில் எல்டிஓ (நிரலின் எல்லாக் கோப்புகளையும் கடைசியில் சேர்த்துப் பார்த்து வேகப்படுத்துவது). அதோடு விட்டேனா? 2024 மே மாதம், ஜிசிசி என்ற கம்பைலரின் 14ஆம் பதிப்பு வெளிவந்த சமயம் அது. ஜென்டூவின் நிலையான கிளையில் 13 இருந்தது. எனக்கு 14தான் வேண்டும் என்று சோதனைக் கிளையைத் திறந்துவிட்டேன். புதுக் கம்பைலர், புது ஃப்ளாக்குகள், எல்லாப் பொட்டலங்களுக்கும் (பேக்கேஜ்), ஒரே இரவில். பிறகு வந்த ஒவ்வொரு தொல்லையிலும் "இது கம்பைலரால் வந்ததா, ஃப்ளாக்கால் வந்ததா, இயந்திரமே சரியில்லையா" என்று பிரித்துப் பார்க்க முடியாமல் தவித்ததற்குக் காரணம் இந்த ஒரே இரவுதான்.

முதல் அடி இரண்டாம் நாளே விழுந்தது. பிரவுசர் எஞ்சின் ஒன்றைக் கம்பைல் செய்துகொண்டிருந்தபோது, நான்கு மணி நேரத்துக்குப் பிறகு, சிசி1பிளஸ் என்ற, கம்பைலரின் உள் நிரல் கொல்லப்பட்டது என்று ஒரு வரியோடு எல்லாம் நின்றது. திரும்ப ஓட்டினேன். இந்த முறை வேறொரு கோப்பில் நின்றது. லினக்ஸ் வட்டாரத்தில் ஒரு பழைய வழக்கு உண்டு: ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் கம்பைலர் விழுந்தால் ரேம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். பாதி உண்மைதான், ஆனால் அது கம்பைலர் தானாகவே நொறுங்கி விழுவதைப் பற்றிய பேச்சு. என் திரையில் இருந்ததோ "கொல்லப்பட்டது" என்ற சொல். அந்த வித்தியாசம் கண்ணில் படவே இல்லை. மறுநாளே அதே அளவில் புது ரேம் வாங்கிப் போட்டேன். அன்று இரவும் அதே மரணம். அதற்கப்புறம்தான் பழைய ரேமை மெம்டெஸ்ட்டில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். ஒரு பிழைகூட இல்லை.

உண்மையில் நடந்தது இதுதான். என் இயந்திரத்தில் 16 திரெட், 16 ஜிபி ரேம். ஒரே சமயத்தில் 16 கம்பைல் வேலைகளை ஓடவிடும்படி ஜே16 என்று எழுதியிருந்தேன். பெரிய சி பிளஸ் பிளஸ் நிரல்களுக்கு ஒரு வேலைக்கு 2 ஜிபி என்று கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி ஜென்டூக்காரர்கள் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் எனக்கு 32 ஜிபி வேண்டும். போதாக்குறைக்கு, போர்டேஜின் எமர்ஜ் கட்டளையில் நான்கு பொட்டலங்களை ஒரே நேரத்தில் ஓட்டச் சொல்லியிருந்தேன். நான்கும் பதினாறும் பெருக்கினால் 64. நினைவகம் தீர்ந்ததும் லினக்ஸின் மையமான கர்னல் தன் கடமையைச் செய்து, அதிகம் தின்றவனைக் கொன்றது. கர்னலின் குறிப்புகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையைத் தட்டியிருந்தால் "நினைவகம் தீர்ந்தது, இன்ன புராசஸைக் கொன்றேன்" என்று அங்கே வாக்குமூலமே இருந்திருக்கும். நான் தட்டவில்லை, பணத்தை எடுத்து நீட்டினேன். இப்போது என் வழக்கம்: மொத்த ஜிபியை இரண்டால் வகுத்து வருவதுதான் ஜே எண். பிரவுசர் எஞ்சின் மாதிரிப் பெருந்தீனிகளுக்கு அதிலும் பாதி.

ரேம் விஷயம் தெளிந்ததும் அடுத்தது கம்பைலர் பதிப்பின் வேலை. ஜிசிசி 14இல் ஒரு பெரிய மாற்றம் உண்டு. சி மொழியில் முன்னறிவிப்பு இல்லாத ஃபங்ஷனைக் கூப்பிட்டால் பழைய பதிப்புகள் எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு மேலே போகும். 14 அதை எர்ரர் என்று சொல்லி நிறுத்திவிடும். வகை குறிப்பிடாமல் விட்டால் அது இண்ட் (முழு எண்) என்று எடுத்துக்கொள்ளும் பழங்காலச் சலுகையும் போயிற்று. நியாயமான மாற்றம். ஆனால் இருபது வருஷம் யாரும் தொடாத சின்னச் சின்ன நிரல்கள் எல்லாம் வரிசையாக விழுந்தன. நான் என்ன செய்தேன்? எர்ரரைத் திரும்பவும் எச்சரிக்கையாகக் குறைக்கும் ஃப்ளாக்கைத் தேடிப் பிடித்து, அதையும் மேக்.கான்ஃபில், அதாவது சிஸ்டம் முழுமைக்கும், சேர்த்துவிட்டேன். எல்லாம் கம்பைல் ஆயிற்று. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்படிக் கம்பைல் ஆன ஒரு சின்னப் படம் பார்க்கும் நிரல், திறந்த உடனே விழுந்தது. ஜிடிபி என்ற பிழை தேடும் கருவியில் போட்டுப் பார்த்தபோதுதான் கம்பைலர் ஏன் அவ்வளவு கத்தியது என்று புரிந்தது. ஒரு ஃபங்ஷன் நினைவக முகவரி ஒன்றைத் திருப்பித் தருகிறது. அதற்கு முன்னறிவிப்பு இல்லாததால் கம்பைலர் அது இண்ட் தருகிறது என்று எடுத்துக்கொள்கிறது. முகவரிக்கு 64 பிட், இண்டுக்கு 32 பிட். பதினாறு இலக்க முகவரியில் இடது பக்கத்து எட்டும் சுழியமாகி, வலது பாதி மட்டும் மிஞ்சியிருந்தது. தெருப் பெயரைக் கிழித்துவிட்டுக் கதவு எண்ணை மட்டும் கையில் கொடுத்தால் தபால்காரர் என்ன செய்வார்? அந்த நிரலும் அதையேதான் செய்தது. அந்த எர்ரர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தீர்வு முன்னறிவிப்புகள் உள்ள, விடுபட்ட ஒரு ஹெடர் கோப்பைச் சேர்ப்பதுதான், ஒரு வரி. பலவற்றுக்கு யாரோ எழுதிய திருத்தம், அதாவது பேட்ச், ஏற்கெனவே இருந்தது. நான் தேடவில்லை.

இதைவிட நயவஞ்சகமான ஒன்று இருக்கிறது. பழைய நிரல்கள் கம்பைல் ஆவதற்கு முன் கான்ஃபிகர் என்ற ஸ்கிரிப்ட் ஓடும். அது குட்டிக் குட்டிச் சோதனை நிரல்களைக் கம்பைல் செய்து பார்த்து, "இந்த வசதி இருக்கிறது, இது இல்லை" என்று குறித்துக்கொள்ளும். அந்தச் சோதனை நிரல்களே பழைய பாணியில் எழுதப்பட்டிருந்தால், புதுக் கம்பைலரில் சோதனைதான் விழும், வசதி அங்கேயே பத்திரமாக இருக்கும். ஆனால் கான்ஃபிகர் "இல்லை" என்று எழுதிக்கொண்டு போய்விடும். எர்ரர் எதுவும் வராது, நிரல் அழகாக நிறுவப்படும், ஒரு வசதி மட்டும் காணாமல் போயிருக்கும். நான் அந்தக் குறைக்கும் ஃப்ளாக்கைச் சேர்ப்பதற்கு முன்பு நிறுவிய பாட்டுக் கேட்கும் நிரல் ஒன்றில் சத்தமே வராமல் போனது இப்படித்தான். ஸ்பீக்கர் ஒயரை எத்தனை தடவை பிடுங்கிச் செருகினேன் என்று கேட்காதீர்கள். போர்டேஜ் நிறுவல் முடிந்ததும் கடைசியில் சில தர அறிவிப்புகளைக் காட்டும், கான்ஃபிகர் லாகில் இப்படிப்பட்டது இருக்கிறது என்றும் அதில் சொல்லும். பச்சையில் "முடிந்தது" என்று பார்த்ததும் மேலே உருட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அப்போது இல்லை.

மூன்றாவது வாரத்தில்தான் உண்மையான நஷ்டம். எனக்கு ஒரு கணக்கு வேலை வந்திருந்தது, பல மாதத்து அளவீடுகளுக்குச் சராசரி எடுக்க வேண்டும். சில நாட்களுக்கு அளவீடு கிடையாது, அந்தக் கட்டங்கள் காலி. காலிக் கட்டத்தை நிரல் "எண் அல்ல" என்று உள்ளே வைத்துக்கொள்ளும். அதற்கு ஆங்கிலச் சுருக்கம் என்ஏஎன், வாயில் சொன்னால் "நான்". கூட்டும்போது "இது நானா?" என்று சோதித்து, ஆம் என்றால் தாண்டிப் போக வேண்டும். என் இயந்திரத்தில் ஓடவிட்டால், விடை வர வேண்டிய இடத்தில் எல்லாம் நான், நான், நான். இவ்வளவு அகங்காரம் பிடித்த திரையை நான் பார்த்ததில்லை. கோப்பில்தான் கோளாறு என்று இரண்டு நாள் வரி வரியாகச் சுத்தம் செய்தேன். மூன்றாம் நாள் அதே கோப்பை இன்னொருவருடைய சாதாரண லினக்ஸில் போட்டால் ஒரே நொடியில் சரியான விடை.

காரணம் ஓஃபாஸ்ட். ஓ3இன் எல்லாவற்றோடும் ஃபாஸ்ட்மேத் என்ற ஃப்ளாக்கையும் அது சேர்த்துக்கொள்கிறது. ஃபாஸ்ட்மேத் கம்பைலரிடம் தரும் வாக்குறுதிகளில் ஒன்று, "இந்த நிரலில் நானும் முடிவிலியும் வரவே வராது" என்பது. வரவே வராது என்று நாமே சத்தியம் செய்துவிட்ட பிறகு "இது நானா?" என்ற சோதனை எதற்கு? கம்பைலர் அதைப் பொய் என்று தீர்மானித்துத் துடைத்து எறிந்துவிடுகிறது. தப்பு கம்பைலருடையது இல்லை, சத்தியம் செய்தவன் நான். வேலையைக் கொடுத்தவரிடம் தவணை கேட்டு நின்றபோது காரணம் என்ன சொல்வது என்று தெரியாமல் "சிஸ்டம் பிரச்சனை" என்று சமாளித்தேன். ஜிசிசி 13க்கு முந்தைய பதிப்புகளில் இது இன்னும் மோசம்: ஃபாஸ்ட்மேத்தோடு ஒரு லைப்ரரியை உருவாக்கினால் போதும், அதை ஏற்றிக்கொள்ளும் வேறு நிரல்களிலும் மிகச் சிறிய எண்கள் சுழியமாகத் தட்டையாகிவிடும். கணக்கு தவறினால் பரவாயில்லை என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு நிரலுக்கு வேண்டுமானால் அதைப் போடுங்கள். சிஸ்டம் முழுமைக்கும் ஒருநாளும் வேண்டாம்.

இதற்குமேல் நிதானமாக இருந்திருக்க வேண்டும். கோபத்தில் இன்னொரு முட்டாள்தனம் செய்தேன். புதுசு எல்லாம் வேண்டாம், பழையதுக்கே போய்விடலாம் என்று முடிவெடுத்தேன். 13க்கு இல்லை, 12க்கு. என்னிடம் இருந்த ஒரு கிராபிக்ஸ் கணக்கீட்டுக் கருவி 12க்கு மேல் வேண்டாம் என்று அடம்பிடித்ததும் ஒரு சாக்காகிவிட்டது. ஜென்டூவில் ஜிசிசியின் பல பதிப்புகளை அருகருகே வைத்துக்கொள்ளலாம், ஜிசிசி கான்ஃபிக் என்ற கட்டளையால் எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். அப்படி வைத்துக்கொண்டு அந்த ஒரு கருவிக்கு மட்டும் 12ஐக் காட்டியிருந்தால் போதும். நானோ 12ஐ நிறுவியதும் 13, 14 இரண்டையும் கட்டாய நீக்கக் கட்டளையால் பிடுங்கி எறிந்தேன். போர்டேஜ் எச்சரித்தது, ஐந்து விநாடி எண்ணி அவகாசமும் கொடுத்தது. ஐந்து விநாடியும் நான் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பூட்டில் டெஸ்க்டாப் வரவில்லை. கறுப்புத் திரையில் லாகின் வரி மட்டும். உள்ளே போய் எதைத் தட்டினாலும், சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிய நிரலாக இருந்தால், ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் 3.4.32 கிடைக்கவில்லை என்ற ஒரே பாட்டு. சி பிளஸ் பிளஸ்ஸின் அடிப்படை லைப்ரரி கம்பைலரோடுதான் வருகிறது. அது பின்னோக்கி ஒத்துப்போகும், அதாவது பழைய நிரல் புது லைப்ரரியோடு ஓடும். புது நிரல் பழைய லைப்ரரியோடு ஓடாது. 13.2இல் இருந்து, திரையில் எதையாவது எழுதும் சாதாரண சி பிளஸ் பிளஸ் நிரல்கூட 3.4.32 என்ற அடையாளத்தைக் கேட்கும். 12 கொண்டுவரும் லைப்ரரி 3.4.30ஓடு நின்றுவிடுகிறது. ஆக, நான் 14ஐக் கொண்டு உருவாக்கி வைத்திருந்த சி பிளஸ் பிளஸ் நிரல்களில் பெரும்பாலானவற்றின் காலை நானே வாரிவிட்டிருந்தேன். அன்று இரவு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விண்டோஸ் பென் டிரைவைக் கையில் எடுத்துவிட்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

காப்பாற்றியது இரண்டு விஷயம். ஒன்று, போர்டேஜ் பைத்தானில் எழுதப்பட்டது, பைத்தான் சியில் எழுதப்பட்டது, ஆகவே எமர்ஜ் உயிரோடு இருந்தது. இரண்டு, 2023 டிசம்பரில் இருந்து ஜென்டூவே அதிகாரபூர்வ பைனரி பொட்டலங்களையும் தருகிறது. முன்பு அந்தச் செய்தியைப் படித்தபோது "பைனரியா, ஜென்டூவிலா?" என்று ஏளனம் செய்தவன் நான். அன்று விடியற்காலை அதே இடத்தில் இருந்து ஜிசிசி 13இன் பைனரியை இறக்கி நிறுவினேன். சில நிமிட வேலை. ஜிசிசி கான்ஃபிக்கால் அதைத் தேர்ந்தெடுத்து மறு பூட் செய்தேன், டெஸ்க்டாப் வந்துவிட்டது.

பிறகு மேக்.கான்ஃபைத் திறந்து, கையேட்டில் இருந்த மூன்று ஃப்ளாக்குகளையும் எழுத்து மாறாமல் எழுதினேன். சோதனைக் கிளையை மூடினேன். "உலகம்" முழுவதையும், அதாவது நிறுவிய எல்லாவற்றையும், மறுபடி கம்பைல் செய்யும் கட்டளையைக் கொடுத்தேன். இரண்டு பகல், இரண்டு இரவு. நடுவில் ஒரு பொட்டலம்கூட நிற்கவில்லை.

வேகம் எவ்வளவு குறைந்தது என்றுதானே கேட்பீர்கள்? எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. பழைய சிஸ்டத்தில் குறித்து வைத்திருந்த நேரங்களோடு ஒப்பிட்டேன். பிரவுசர், எடிட்டர், ஃபைல் மேனேஜர் எதிலும் கையால் உணரும்படி ஒரு வித்தியாசமும் இல்லை. வீடியோ மாற்றும் நிரலிலும் இல்லை, அதில் சூடான பகுதிகள் எல்லாம் கையாலேயே அசெம்பிளியில் எழுதப்பட்டவை, அங்கே கம்பைலர் ஃப்ளாக்குக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அதைவிட வேடிக்கை, நான் ஓஃபாஸ்ட் போட்டிருந்த காலத்திலேயே ஜிலிப்சி (சி மொழியின் அடிப்படை லைப்ரரி), ஜிசிசி போன்ற முக்கியப் பொட்டலங்கள் அந்த மாதிரி ஃப்ளாக்குகளைத் தாமே வடிகட்டித் தூர எறிந்திருக்கின்றன. கர்னலோ மேக்.கான்ஃபைத் திரும்பிக்கூடப் பார்க்காது. "என் கர்னலே ஓஃபாஸ்ட்" என்று இரண்டு பேரிடம் பீற்றியிருந்தேன், அவர்கள் மறந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இன்னொன்று: ஜிசிசி 12இல் இருந்து ஓ2விலேயே வெக்டரைசேஷன் (பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடுவது) ஓரளவு உண்டு. ஓ2 என்றால் மந்தம் என்ற எண்ணம் பழைய காலத்தது.

நிஜமாகவே பலன் தெரிந்த இடம் ஒன்று உண்டு, பைத்தான். அதற்கு பிஜிஓ என்ற யூஸ் ஃப்ளாக் (பொட்டலத்தில் எந்த வசதி வேண்டும் என்று போர்டேஜிடம் சொல்வது) இருக்கிறது. முதலில் ஒரு தடவை உருவாக்கி, ஓட்டிப் பார்த்து, எந்தப் பாதை அதிகம் பயன்படுகிறது என்று அளந்து, அந்த அளவை வைத்து மறுபடி உருவாக்கும். கம்பைல் நேரம் நன்றாகவே கூடும், ஆனால் தினமும் ஓடும் ஸ்கிரிப்ட்கள் எனக்கு வேகமாகின. எல்டிஓவையும் நான் வெறுக்கவில்லை. அதைப் போடுகிறவர்கள் வகை முரண்களையும் அலியாஸிங் மீறல்களையும் (ஒரே நினைவக இடத்தை வேறு வேறு வகையாகப் படிப்பது) எர்ரராக்கும் மூன்று ஃப்ளாக்குகளைச் சேர்த்தே போடுங்கள். அப்போது எல்டிஓவைத் தாங்காத நிரல்களில் பலவும் கம்பைல் ஆகும்போதே நின்றுவிடும், ஆறு மாதம் கழித்து வந்து தொல்லை கொடுக்காது.

தனி நிரலுக்குத் தனி ஃப்ளாக் வேண்டும் என்றால் அதற்கு பேக்கேஜ்.என்வ் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒரு சின்னக் கோப்பில் ஃப்ளாக்குகளை எழுதி, இந்தப் பொட்டலத்துக்கு மட்டும் இது என்று ஒரு வரியில் இணைத்துவிடலாம். இதை முதல் நாளே தெரிந்து வைத்திருந்தால் இந்தக் கதையில் பாதி நடந்திருக்காது. பிழை அறிக்கை எழுதும்போதும் அது உதவும். நான் அனுப்பிய முதல் அறிக்கைக்கு வந்த பதில், ஓ2வில் முயன்று பார்த்துவிட்டு வாருங்கள் என்பதுதான். அன்று எரிச்சலாக இருந்தது. இப்போது யாராவது என்னிடம் கேட்டால் நானும் அதையேதான் முதலில் சொல்கிறேன்.

மார்ச்=நேட்டிவ் பற்றி ஒரு வார்த்தை. வட்டைக் கழற்றி வேறு இயந்திரத்தில் மாட்டும் எண்ணம் இருந்தால் அது வேண்டாம். என் வட்டைப் பழைய லேப்டாப் ஒன்றில் மாட்டியபோது, சட்டவிரோத இன்ஸ்ட்ரக்ஷன் என்று சொல்லி ஷெல்லே விழுந்தது. அந்தப் பழைய சிப்புக்குத் தெரியாத கட்டளைகள் அதில் இருந்தன. கம்பைல் வேலையை டிஸ்ட்சிசி மூலம் பல இயந்திரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பவர்களும் நேட்டிவ் என்று எழுதாமல் சிப்பின் பெயரையே எழுத வேண்டும்.

இப்போது ஜிசிசி 13ஐ, நான் கேட்டு நிறுவியவற்றின் பட்டியலான உலகக் கோப்பில் பெயர் சொல்லிச் சேர்த்து வைத்திருக்கிறேன், சுத்தப்படுத்தும் கட்டளை தவறிக்கூட அதைத் தொடாது. புதுப் பதிப்பு வந்தால் பக்கத்தில் நிறுவி, சாதாரணமாக நான் பயன்படுத்தும் பத்துப் பதினைந்து பொட்டலங்களை அதில் கம்பைல் செய்து பார்த்த பிறகே மாறுகிறேன். கம்பைல் ஆகும் எல்லாவற்றையும் பைனரியாகவும் சேமித்து வைக்கச் சொல்லி போர்டேஜுக்கு ஒரு சொல் எழுதியிருக்கிறேன், ஏதாவது விழுந்தால் நேற்றையது கையில் இருக்கும். 2025இல் ஜிசிசி 15 வந்து சி மொழியின் இயல்பு வழக்கை சி23 என்ற புதுத் தரத்துக்கு மாற்றியபோது, பூல் என்ற பெயரைத் தாமாக வரையறுத்துக்கொண்ட பழைய நிரல்கள் மறுபடி வரிசையாக விழுந்தன. இந்த முறை என் கணக்கு: ஒரு மாலை, நான்கு பொட்டலங்கள். மூன்றுக்குப் பேட்ச் ஏற்கெனவே இருந்தது. நான்காவது அந்தப் பழைய படம் பார்க்கும் நிரல்தான், அதற்கு நானே ஒன்று எழுதி அனுப்பினேன், மூன்று வரி. அந்த இரண்டாவது ஜோடி ரேமையும் பலகையில் காலியாக இருந்த இடத்தில் மாட்டிவிட்டேன். இப்போது 32 ஜிபி, ஜே16 ஓடுகிறது.